முதலில் பிளேடு, பிறகு கத்தி

விரித்து மடக்கும் சவரக்கத்தியால் தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ள வேண்டும் என்ற விருப்பம் இன்று மாணவர் விடுதிகளில் ஓரிருவரிடமேனும் காணப்படுகிறது. அதற்குக் காரணங்கள் பல. தலைப்பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளும் பல அடுக்கு ரேசர்களின் விலை ஒன்று. எறியப்படும் பிளாஸ்டிக் குறித்த உறுத்தல் மற்றொன்று. ஒரு கைவினையைப் பழகிக்கொள்ளும் ஆசை மூன்றாவது. காரணம் எதுவாயினும் எழும் கேள்வி ஒன்றுதான்: புதிதாகத் தொடங்குபவர் எந்தக் கத்தியை வாங்க வேண்டும்?

இதற்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் கைப்பிடியைப் பற்றியவை. மரமா, கொம்பா, எஃகா. ஜெர்மனியில் செய்ததா, ஜப்பானில் செய்ததா. பரிசாகக் கொடுக்கத் தக்க பெட்டியில் வருமா என்பன போன்ற செய்திகளால் அவை நிறைந்திருக்கின்றன. முகத்தைத் தொடுவது கைப்பிடி அன்று, பிளேடு. அந்தப் பிளேடு எது, எங்கே கிடைக்கும், எந்த அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பயன்பட்ட பின் எங்கே போகும் என்ற கேள்விகளே முதலில் கேட்கப்பட வேண்டியவை. இந்தியாவைப் பொறுத்தவரை இவற்றில் முதல் மூன்று கேள்விகளுக்குத் தெருமுனைச் சலூனில் நீண்ட காலமாக விடை இருக்கிறது. அந்த விடையை எவரும் மேற்கோள் காட்டுவதில்லை என்பதே சிக்கல்.

முதலில் பெயர். பிளேடு மாற்றும் சவரக்கத்திக்கு உலகச் சந்தையில் வழங்கும் பெயர் 'ஷேவெட்'. இது ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து டோவோ நிறுவனத்தின் வணிகப் பெயர். நம் நாட்டில் ஒளிநகலுக்கு 'ஜெராக்ஸ்' என்பதும் வனஸ்பதிக்கு 'டால்டா' என்பதும் பொதுப் பெயர்களானதுபோல், இப்பெயரும் அவ்வகைக் கத்தி அனைத்துக்கும் ஆகிவிட்டது. இந்திய மொழிகளுக்கு இந்தக் கடன் தேவைப்பட்டதில்லை. இந்தியில் அது 'உஸ்தரா', மராத்தியில் 'வஸ்தரா', குஜராத்தியில் 'அஸ்த்ரோ'. மூன்றும் பாரசீக வழி வந்த ஒரே சொல்லின் வடிவங்கள். வங்காளத்தார் 'க்ஷுர' என்று எழுதி 'குர்' என்று ஒலிப்பது வடமொழியின் பழஞ்சொல். கிரேக்கத்தில் சவரக்கத்தியைக் குறிக்கும் 'க்ஷுரோன்' அதன் உறவுச்சொல். தமிழின் 'சவரம்' என்பதும் இந்த வேரின் வழிவந்த 'க்ஷௌர' என்பதிலிருந்து வந்ததே. தெலுங்கில் அது 'மங்கலி கத்தி', அதாவது நாவிதரின் கத்தி. கருவியின் பெயரிலேயே கைவினைஞரை வைத்திருக்கும் சொல் அது.

பெயர்கள் பழையவை, பொருள் மாறிவிட்டது. இன்று உஸ்தரா என்று சலூன்காரர் எடுத்து விரிப்பது, அவருடைய பாட்டனார் எடுத்து விரித்த கருவி அன்று. வடிவம் ஒன்றே, வேலை செய்யும் விதம் வேறு. இந்த வேறுபாடு புரியாமல் கத்தி வாங்குபவரே முதல் வாரத்தில் முகத்தைக் கிழித்துக்கொள்கிறார்.

பழைய கத்தி ஒரே எஃகுத் துண்டால் ஆனது. அதன் முதுகு தடித்தும் இருபுறமும் குழிந்தும் இருக்கும். சாணைக்கல்லில் தீட்டும்போது முதுகும் கூர்முனையும் ஒருசேரக் கல்லில் படிவதால், தீட்டும் கோணத்தைக் கத்தியே காத்துக்கொள்ளும். ஒவ்வொரு சவரத்துக்கும் முன் தோல்வாரில் முன்னும் பின்னும் இழுத்து முனையை நேராக்க வேண்டும். அவ்வாறு பண்பட்ட முனை கூர்மையானது, ஆயினும் மென்மையானது. கத்தியின் எடை முடியை வெட்டும். கை வழிகாட்டினால் போதும்.

பிளேடு மாற்றும் கத்தியில் எடை குறைவு. முனை ஆலையில் தீட்டப்பட்டது. மயிரைப் போலவே தோலையும் தயங்காமல் வெட்டும். பிளேடு மெல்லியது, தடித்த முடியில் மோதும்போது சற்றே வளையும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்கு இரண்டு கூரான மூலைகள் உண்டு. பழைய கத்தியைத் தீட்டுவோர் அதன் மூலையைச் சற்று மழுக்கிக் கொடுப்பது வழக்கம். பிளேடின் மூலையை எவரும் மழுக்குவதில்லை. புதியவர் முகத்தில் காணும் சிறு வெட்டுகளில் பெரும்பகுதி இந்த மூலைகளின் வேலை. எனவே, பிளேடு மாற்றும் கத்தியைப் பழைய கத்தியின் எளிய வடிவம் என்று அறிமுகப்படுத்துவது தவறு. பராமரிப்பில்தான் அது எளியது, கையாளுவதில் கடுமையானது.

அவ்வளவு கடுமையான கருவி நாடு முழுவதும் சலூன்களில் எப்படி இடம்பிடித்தது? விடை கூர்மையில் இல்லை, தூய்மையில் இருக்கிறது. 1986ஆம் ஆண்டு இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகச் சென்னையில் கண்டறியப்பட்டது. 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு உருவானது. அடுத்து வந்த ஆண்டுகளில் சுவரெழுத்திலும் வானொலியிலும் நாடெங்கும் ஒலித்த அறிவுரைகளுள் ஒன்று, சலூனில் புதுப் பிளேடு கேளுங்கள் என்பது. சவரத்தின் வழியே அக்கிருமி பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது மருத்துவ உண்மை. ஆயினும் மஞ்சள்காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைப் பொறுத்தவரை அந்த அறிவுரை முற்றிலும் பொருத்தமானது. அக்கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமே அதற்குப் போதும்.

வாடிக்கையாளரின் அச்சத்துக்குச் சலூன்காரர் கண்டடைந்த தீர்வு மிகச் சிக்கனமானது. மளிகைக் கடையில் கிடைக்கும் இருபுற பிளேடை அதன் தாள் உறையோடு நீளவாக்கில் மடித்து ஒடித்தார். ஒரு பாதியைக் கத்தியின் வாயில் பொருத்தினார். மறுபாதியை அடுத்தவருக்கென எடுத்துவைத்தார். உறை பிரிக்கும் ஓசையை வாடிக்கையாளர் கேட்கும்படி செய்வது நம்பிக்கையின் அடையாளமாயிற்று. இந்தத் தீர்வை ஒருவர் கண்டுபிடித்ததாகப் பதிவில்லை. பல்லாயிரம் கைகள் அதை நிலைநிறுத்தின. புதியவர் கத்தி தேர்வதற்கான முதல் நெறி இதிலேயே அடங்கியிருக்கிறது.

பிளேடு மாற்றும் கத்திகளுக்கான பிளேடுகள் பொதுவாக மூன்று வகை. முதல் வகை, மேலே சொன்ன இருபுற பிளேடின் பாதி. முழுப் பிளேடு 43 மில்லிமீட்டர் நீளமும் 22 மில்லிமீட்டர் அகலமும் 0.1 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற பாதுகாப்பு ரேசர் முறையின் வழிவந்த வடிவம் இது. இரண்டாவது, ஜப்பானின் செகி நகரைச் சார்ந்த ஃபெதர் நிறுவனம் பரவலாக்கிய ஒருபுற பிளேடு. அது முதல் வகையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தடிமனானது, வளையாதது, வழுக்கிச் செல்லும் இயல்பு நல்லது. மூன்றாவது, சிகையலங்காரத்துக்கென வந்த, ஏறத்தாழ 6 செண்டிமீட்டர் நீளமுள்ள பிளேடு.

தரத்தை மட்டும் பார்த்தால் இரண்டாம் வகையே முதலிடம் பெறும். அதற்குரிய கத்திகள் நன்கு வார்க்கப்பட்டவை. எடையும் சமநிலையும் உடையவை. ஆயினும் இந்தியாவில் புதிதாகத் தொடங்குபவருக்கு அதைப் பரிந்துரைப்பது பொருந்தாது. அந்தப் பிளேடு இறக்குமதிப் பொருள், விலை அதிகம், சிறு நகரத்துக் கடையில் கிடைக்காது. விலை உயர்ந்த பிளேடை வைத்திருப்பவர் அதை மழுங்கிய பின்னும் மாற்றத் தயங்குவார். மழுங்கிய பிளேடு தோலை இழுக்கும், இழுக்கும்போது கை அழுத்தும், அழுத்தினால் வெட்டும். புதியவருக்கு வேண்டியது கவலையின்றித் தூக்கி எறியக்கூடிய பிளேடு. சில ரூபாய்க்குக் கிடைத்து, ஒன்றை இரண்டாக்கிக்கொள்ளவும் முடிகிற இருபுற பிளேடுக்கு இவ்வகையில் இணை இல்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. இருபுற பிளேடுகள் பல நிறுவனங்களால் பல தன்மைகளில் செய்யப்படுகின்றன. சில மிகக் கூரானவை, சில மிதமானவை. ஒருவருடைய தோலுக்கும் தாடிக்கும் எது ஏற்றது என்பதை அவரே பார்த்தறிய வேண்டும். நான்கைந்து வகைகளில் ஒவ்வொரு பொட்டலம் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இந்த வடிவத்தில்தான் கிடைக்கிறது. கூர்மைக்குப் பெயர்பெற்ற ஃபெதர் போன்றவற்றைச் சில மாதம் தள்ளிவைப்பது நல்லது. ஒடிப்பதற்குக் கை நடுங்குபவருக்கு முன்பே பாதியாக்கி விற்கப்படும் பிளேடுகளும் உண்டு.

பிளேடு முடிவான பின்பே கத்தி. அதில் கவனிக்க வேண்டியவை ஐந்து.

ஒன்று, பிளேடைப் பிடிக்கும் முறை. சில கத்திகளில் பிளேடை ஒரு காடியில் சொருக வேண்டும். சிலவற்றில் தலைப்பகுதி இரு தகடுகளாகத் திறந்து, பிளேடை வைத்த பின் கவ்வி மூடிக்கொள்ளும். புதியவருக்கு இரண்டாவதே ஏற்றது. சொருகும்போது பிளேடு சாய்ந்து நிற்க வாய்ப்புண்டு; விரலும் கூர்முனைக்கு அருகில் செல்லும். கவ்வும் வகையில் பிளேடு ஒரே கோட்டில் அமர்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். ஒரு முனையில் அதிகமாகவும் மறுமுனையில் குறைவாகவும் நீட்டியிருக்கும் பிளேடு, எவ்வளவு பழகிய கையையும் ஏமாற்றும்.

இரண்டு, பிளேடு வெளியே தெரியும் அளவு. சலூன்காரருக்குக் கிருதாவின் விளிம்பைக் கோடிட வேண்டியிருப்பதால் பிளேடு சற்று அதிகம் நீட்டியிருக்கும் கத்தி அவருக்கு வசதி. முகம் முழுவதையும் மழிக்கப் பழகுபவருக்கு அது குறைவாக இருப்பதே நலம். குறைவாகத் தெரியும்போது பிளேடு வளைவதும் குறையும்.

மூன்று, மூலைகள். பிளேடின் இரு ஓரங்களையும் தகடு மூடியிருக்கும் கத்திகள் கிடைக்கின்றன. இந்த ஒரு பண்பு முதல் மாதத்துக் காயங்களை வெகுவாகக் குறைக்கும். கடையில் கத்தியைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பிருந்தால், பார்க்க வேண்டிய முதல் இடம் இதுவே.

நான்கு, எடை. மெல்லிய அலுமினியத் தகட்டாலும் பிளாஸ்டிக்காலும் ஆன கத்தி மலிவானது. அது கையில் இருப்பதே தெரியாது என்பதுதான் அதன் குறை. எடையற்ற கருவியைக் கை தானாகவே அழுத்தும். துருப்பிடிக்காத எஃகால் ஆன, சற்றே கனமான கத்தியே அழுத்தாமல் இழுக்கும் பழக்கத்தைக் கற்றுத்தரும். ஒவ்வொரு முறையும் கழுவித் துடைக்க வேண்டிய பொருள் என்பதாலும் எஃகே தக்கது.

ஐந்து, மடிப்பு ஆணி. கத்தியும் கைப்பிடியும் இணையும் இடம் தளர்ந்தும் இருக்கக் கூடாது. திறக்கவே வலிமை தேவைப்படும் அளவுக்கு இறுகியும் இருக்கக் கூடாது. விரித்த கத்தி, விட்ட இடத்தில் நிற்க வேண்டும். தளர்ந்த கத்தி ஈரக் கையில் தானாக மடிந்தால் விரல்தான் வெட்டுப்படும்.

இந்த ஐந்தும் நிறைவேறும் கத்திக்குப் பெரும்பணம் தேவையில்லை. ஊர்தோறும் சலூன் பொருள்கள் விற்கும் மொத்தக் கடை ஒன்று இருக்கும். நாள் முழுவதும் உழைக்கும் கத்திகள் அங்குதான் வாங்கப்படுகின்றன. மரப்பெட்டியும் சான்றிதழும் அங்கே கிடைக்காது, கத்தி கிடைக்கும்.

எதிர்வாதங்கள் சிலவற்றையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். முதலாவது: இருபுற பிளேடைத்தான் பயன்படுத்தப் போகிறோம் என்றால், அதே பிளேடு பொருந்தும் பாதுகாப்பு ரேசரே போதாதா? பெரும்பாலோருக்குப் போதும். விரைவும் பாதுகாப்பும் சிக்கனமும் மட்டுமே நோக்கமென்றால், அந்த ரேசரை விஞ்சிய கருவி இல்லை. முகப்பரு நிறைந்த தோல், காயம் தழும்பாகத் தடிக்கும் இயல்பு, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, கை நடுக்கம் ஆகியவற்றில் ஏதேனும் உள்ளவர் விரிகத்தியை நாடாதிருப்பதே சரி. சுருள்முடி உள்ளவருக்கு மழித்த முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கட்டிகள் தோன்றும் சிக்கல் உண்டு. அத்தகையோர் ஒரு பிளேடு மட்டும் உள்ள ரேசருக்கு மாறி, தோலை மிக ஒட்ட மழிக்காதிருந்தாலே பெரும் பயன் அடைவர். விரிகத்தி கட்டாயமன்று. அது விரும்பிக் கற்கும் திறன்.

இரண்டாவது: பிளேடு மாற்றும் கத்தி, உண்மையான சவரக்கத்திக்கு முன்பயிற்சி ஆகாதா? பாதி ஆகும். தோலை இழுத்துப் பிடிப்பது, இடக்கையாலும் கத்தி பிடிப்பது, கோணம் காப்பது ஆகியவை இரண்டுக்கும் பொது. முனையின் உணர்வு பொதுவன்று. கல்லும் தோல்வாரும் சார்ந்த அறிவும் பிளேடு மாற்றும் கத்தியிலிருந்து வராது. அந்த வழியில் செல்ல விரும்புபவர், நன்கு தீட்டித் தரும் ஒருவரைக் கண்டறிந்த பின்பே பழைய கத்தி வாங்க வேண்டும். தீட்டப்படாத கத்தி எவ்வளவு உயர்ந்த எஃகாயினும் இரும்புத் துண்டே.

கத்தியைத் தேர்ந்த பின் அதைப் பழகும் முறை தேர்வைவிட முக்கியமானது. மயிர் நீரை உறிஞ்சி மென்மையாகும் தன்மையுடையது. வெந்நீரில் முகத்தைச் சில நிமிடம் நனைத்து நுரையைத் தேய்த்துக்கொள்வது அதனால்தான். முதல் வாரத்தில் கன்னங்களை மட்டும் கத்தியால் மழித்து, மற்றப் பகுதியை வழக்கமான ரேசருக்கு விட்டுவிடுவது நல்லது. தாடையும் மேலுதடும் கடைசிப் பாடங்கள். கத்தியை முதலில் தோலோடு படிய வைத்து, பிறகு ஏறத்தாழ 30 பாகை அளவுக்கு உயர்த்த வேண்டும். முடி வளரும் திசையிலேயே, சிறு இழுப்புகளாக இழுக்க வேண்டும். கூர்முனையின் நீளவாக்கில் கத்தி நகரவே கூடாது. காய்கறி நறுக்கும் அசைவு அது. கத்தி பிடிக்காத கைதான் வேலையில் பாதியைச் செய்கிறது. அது தோலை இழுத்துச் சமதளமாக்கித் தராவிட்டால் எந்தக் கத்தியும் பயன்படாது. சிறு வெட்டுக்குப் படிகாரக் கட்டி போதும்.

இவை அனைத்தையும் எழுத்தில் படித்துவிடலாம். 1769இல் பாரிசின் கத்திக் கொல்லர் ழான் ழாக் பெரே, தானே சவரம் செய்துகொள்ளும் கலையைக் கற்பிக்க ஒரு நூலே எழுதினார். ஆனால் பத்துப் பக்கம் படிப்பதைவிட, தேர்ந்த கை ஒன்று தன் தாடையைச் சுற்றி வரும் பத்து நிமிடத்தைக் கவனித்திருப்பது அதிகம் கற்பிக்கும். எங்கே கை மாறுகிறது, எங்கே மூச்சடக்கச் சொல்கிறது, எங்கே கட்டைவிரல் தோலை நகர்த்துகிறது என்பதெல்லாம் அங்கே கண்ணாடியில் தெரியும். தில்லியின் நடைபாதையில் மரத்தடியில் கண்ணாடி மாட்டி ஒற்றை நாற்காலி போட்டிருப்பவரிடமும் இந்த அறிவு உண்டு. அவருடைய கத்தியின் விலை மாணவர் இணையத்தில் தேடும் கத்தியின் விலையில் சிறு பங்கு.

இந்த அறிவு ஏன் அறிவாகக் கணக்கிடப்படுவதில்லை? விடை சாதியில் இருக்கிறது. இந்தியாவின் பெரும்பகுதியில் சவரம் ஒரு சாதியின் கடமையாக்கப்பட்டது. தேவைப்படும்போது அழைக்கவும், வேலை முடிந்ததும் விலக்கவும் சமூகம் பழகியது. அதே கைகள் ஒருகாலத்தில் மருத்துவமும் செய்தன. வட இந்தியாவில் நாவிதரைக் குறிக்கும் 'ஹஜ்ஜாம்' என்ற அரபுச் சொல்லின் முதற்பொருள், உடலிலிருந்து கெட்ட இரத்தத்தை எடுப்பவர் என்பது. தமிழகத்தில் இச்சமூகத்தார்க்கு 'மருத்துவர்' என்ற பெயர் வழங்குவதும் அந்த நினைவே. மருத்துவம் கல்லூரிக்குச் சென்றது; சவரம் இழிவென எஞ்சியது. 2009இல் ஷாருக் கான் தயாரித்து நடித்த 'பில்லு பார்பர்' என்ற இந்திப் படம், சிகைத் தொழிலாளர் அமைப்பினரின் எதிர்ப்புக்குப் பின் 'பில்லு' என்று பெயர் சுருங்கியது. ஓர் ஆங்கிலச் சொல்லே இவ்வளவு வலிக்கிறதென்றால், அச்சொல்லின் மேல் எத்தனை தலைமுறை அவமதிப்பு ஏறியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம். மறுபக்கமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மராட்டிய மண்ணில், கைம்பெண்களின் தலையை இனி மழிப்பதில்லை என்று நாவிதர்கள் கூடி மறுத்தனர். கத்தியை எடுப்பது மட்டுமன்று, அதை எப்போது எடுக்கக் கூடாது என்பதும் அவர்களின் அறிவுக்குள் இருந்தது.

இந்த வரலாறு தெரிந்த பல்கலைக்கழகம், சவரக்கத்தியைச் 'செவ்வியல் ஆடவர் கலை' என்ற பெயரில் மேலைநாட்டுப் பொருளாக மீண்டும் வாங்குவது விந்தை. சோலிங்கனும் ஷெஃபீல்டும் செகியும் போற்றத்தக்க கைவினை மரபுகள்தாம். ஆயினும் விடுதி வாயிலுக்கு எதிரே, இதே கருவியை நாளொன்றுக்குப் பலமுறை எவருடைய தொண்டையையும் காயப்படுத்தாமல் இயக்கும் ஒருவரிடம் ஒரு சொல்லும் கேட்காமல், வேற்று நாட்டார் ஒருவரின் காணொளியைப் பார்த்துக் கற்பது அறிவுத்தேடலுக்கு அழகன்று. செய்யத்தக்கது எளிது. கத்தி வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று முறை சலூனுக்குச் செல்லலாம். கூட்டமில்லாத நேரத்தில் கத்தி பிடிக்கக் கற்றுத்தரக் கேட்கலாம். அதற்குரிய கட்டணத்தை, சவரக் கூலிக்கு மேல், கற்பித்தலுக்கென்றே கொடுக்கலாம். சொல்லித்தர அவர் விரும்பாவிட்டால் அதுவும் அவர் உரிமை. கட்டணம் இங்கே முதன்மையானது. கற்பித்தலை இலவசமாக எதிர்பார்ப்பது பழைய கடமையைப் புதிய வடிவில் சுமத்துவதே ஆகும்.

இறுதியாக இரு செய்திகள். இவற்றில் விருப்பத்துக்கு இடமில்லை.

முதலாவது, பிளேடைப் பகிர்தல். விடுதி வாழ்க்கையில் சோப்பு முதல் சட்டை வரை பகிரப்படுகிறது. கத்தியும் கைமாறுவது இயல்பாகத் தோன்றும். பிளேடை மாற்றிவிட்டாலும் கத்தியின் தலைப்பகுதியில் ஈரமும் இரத்தத் துளியும் தங்கலாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி தேசியத் தடுப்பூசித் திட்டத்தின்கீழ் நாடு முழுவதும் வந்தது 2011இல்தான். இன்று ஆய்வு மாணவராக இருக்கும் வயதினர் பலர், பெற்றோர் தனியே போட்டிருந்தாலன்றி, குழந்தைப் பருவத்தில் அதைப் பெற்றிருக்க மாட்டார்கள். கத்தி வாங்கும் எண்ணமுள்ளவர் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டோமா என்று உறுதிசெய்துகொள்வதும் கத்தித் தேர்வின் ஒரு பகுதியே. கத்தி ஒருவருக்கு ஒன்று, விதிவிலக்கில்லை.

இரண்டாவது, பயன்பட்ட பிளேடு. பிளாஸ்டிக்கைக் குறைத்தோம் என்ற நிறைவோடு கத்திக்கு மாறுபவர், வாரத்துக்கு இரண்டு மூன்று பாதிப் பிளேடுகளை எறிகிறார். அது தாளில் சுற்றிக் குப்பைக் கூடையில் விழுந்தால், மறுநாள் அந்தக் கூடையைக் கையால் கவிழ்க்கும் தூய்மைப் பணியாளரின் விரலில் முடியும். பெரும்பாலான நகரங்களில் குப்பை இன்னும் வெறுங்கையால்தான் பிரிக்கப்படுகிறது. அந்தக் கைகளும் எந்தச் சமூகங்களின் கைகள் என்பது எவருக்கும் தெரியாததன்று. மூடி இறுகிய ஒரு தகரக் குப்பியில் நாணயம் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, பிளேடுகளை அதனுள் போட்டுவைக்கலாம். ஓராண்டானாலும் அது நிறையாது. நிறைந்ததும் துளையை நன்கு அடைத்து, உள்ளே பிளேடு இருப்பதை வட்டார மொழியில் மேலே எழுதி, தனியாக ஒப்படைக்கலாம். விடுதிக்கு ஒரு குப்பியைக் குளியலறைச் சுவரில் பொருத்தச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்பது இன்னும் நல்லது. கத்தி வாங்கும் நாளிலேயே அந்தக் குப்பியையும் தேடிக்கொள்ளாதவர், கத்தியை இன்னும் தேர்ந்துவிடவில்லை.

ஆக, புதிதாகத் தொடங்குபவர் வாங்க வேண்டியவை இவை: எங்கும் கிடைக்கும் இருபுற பிளேடுகளில் மிதமான கூர்மையுள்ள ஒன்று, அதன் பாதியை நேராகக் கவ்விப் பிடித்து, மூலைகளை மறைத்து, கையில் சற்றே கனக்கும் எஃகுக் கத்தி, ஒரு படிகாரக் கட்டி, பிளேடு போட ஒரு தகரக் குப்பி. இவற்றோடு, தெருமுனைச் சலூனில் கட்டணம் கொடுத்துப் பெற்ற அரைமணி நேரப் பாடம். இவை எல்லாவற்றுக்கும் ஆகும் செலவு, மரப்பெட்டியில் வரும் இறக்குமதிக் கத்தி ஒன்றின் விலையைத் தொடாது. மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை அந்தப் பாடத்துக்கே கூட்டிக் கொடுக்கலாம்.